ஜனாதிபதியின் மூத்த மகன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையில் ஆசிரியனாக இருந்தேன். நெடுந்தீவுப் படகு கவிழ்ந்து என் தம்பி இறந்தபின், அம்மா தினமும் துறைக்குப் போய், வந்திறங்கும் ஒவ்வொருவரிடமும் அவனை விசாரிப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொழும்பில் மனநோய் ஆஸ்பத்திரியொன்றில் சேர்க்கக் கடிதம் வாங்கிவிட்டேன். தங்கை மட்டும் சம்மதிக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வாசிகசாலையில், அடிமைகளை விடுவித்த அமெரிக்க ஜனாதிபதியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகளைச் சாகக் கொடுத்து, கடைசியில் தானும் சுடப்பட்டு இறந்தவர் அவர். துயரத்தில் உடைந்துபோன அவருடைய மனைவியை, எஞ்சியிருந்த மூத்த மகன் கோர்ட்டில் நிறுத்தி, பைத்தியம் என்று தீர்ப்பு வாங்கி அடைத்துவைத்தான். கடமை தவறாத மகன் என்று அவனைப் புகழ்ந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து தங்கை எழுந்தாள்.

"அண்ணை, அந்த மனுசி பிறகு மகனோட கதைச்சவவோ?"

"அது எனக்குத் தெரியாது" என்றேன்.

எனக்குத் தெரியும். பல வருடம் அவர் அவன் முகத்தில் விழிக்கவில்லை என்று படித்திருந்தேன்.

அடுத்த கிழமை அம்மாவைக் கூட்டிப்போனேன். தம்பி கொழும்பில் நிற்கிறான் என்று சொன்னதால் மறுக்காமல் ரயில் ஏறினார். அவனுக்கென்று ஒரு சட்டையும் மடித்து எடுத்துவந்தார். ஆஸ்பத்திரி வாசலில், "அவன் எங்கை?" என்று கேட்டார். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் மாதம் அங்கேயே இறந்துபோனார்.

வைத்தியத்துக்காகத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், துறையில் ஆட்கள் அவரைப் பார்ப்பதை என்னால் தாங்க ஏலவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி அவரை ரயில் ஏற்றியதை இன்றுவரை தங்கைக்குச் சொல்லவில்லை.