துண்டு போட்ட இரண்டு நாற்காலிகள்

சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பேய், பிசாசு என்று எவனாவது வாயைத் திறந்தால் கேலி செய்தே அவனை விரட்டுகிற ஆளாக இருந்தவன் நான். மலாக்காவில் வக்கீல் ஆபீசில் கிளார்க் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் பொய்யைப் படியெடுக்கிறவனுக்கு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரியாதா? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பேசும் படம் வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. அந்தத் தீபாவளிக்கு ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து பாச்சாங் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்து நாள் படவிழா வைத்தார்கள். நாளுக்கு ஒரு தமிழ்ப் படம், பிற்பகல் மூன்று மணிக்கு. தோட்டத்துச் சனம் லோரி லோரியாக வந்து இறங்கியது. என் கூட்டாளி முத்தையாவும் வந்தான். செலண்டாரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி அவன். புக்கிட் பெருவாங்கில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் என்னோடு படத்துக்கு வந்தான்.

முத்தையா வெறும் கூட்டாளி இல்லை, தை மாதம் என் தங்கை சரசுவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் சரசுவுக்கு ஒரு கால் சற்று இழுத்துவிட்டது. மூன்று வீட்டார் பெண் பார்க்க வந்து, பலகாரம் தின்று, கை கழுவிக்கொண்டு போனார்கள். முத்தையாதான் தானாக வந்து கேட்டான். அந்தக் கல்யாணம் மட்டும் நடந்துவிட்டால் போதும், எனக்கு வேறு ஒன்றுமே வேண்டாம் என்று நான் இருந்த காலம் அது.

கொட்டகையில் மூன்றாவது வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலிகள். இரண்டையும் சேர்த்து ஒரே நீளத் துண்டு போட்டிருந்தது. துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்மவர்களின் வழக்கம்தானே, எதற்கு அடித்துக்கொண்டாலும் அடுத்தவன் துண்டில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் மூன்று நாளும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நம்பினால் நம்புங்கள், சனம் சுவரோரம் நெருக்கியடித்து நின்றது, அந்த இரண்டு நாற்காலிகள் மட்டும் காலியாகவே கிடந்தன.

நான்காம் நாள் நாங்கள் போவதற்குத் தாமதமாகிவிட்டது, உட்கார இடமில்லை. நான் நேராகப் போய் அந்தத் துண்டை உருவினேன். கீழே பாயில் உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத்து அம்மாள் பதறிவிட்டாள்.

"ஐயா, அத எடுக்காதீங்க. போட்டவங்க வருவாங்க."

"எப்ப வருவாங்க? நாலு நாளாச்சு. துண்டு போட்டா இடத்தையே எழுதிக் குடுத்தாச்சா?"

"வேணாம்லா தர்மா," என்றான் முத்தையா. "நின்னே பாப்போம். அடுத்தவங்க துண்டு, விட்டுடு."

"காசு குடுத்து டிக்கெட் எடுத்தவன் நிக்கணுமா? உட்காருடா!"

துண்டைக் காலடியில் எறிந்துவிட்டு அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். சுற்றிலும் ஒரு முகத்திலாவது சிநேகம் இல்லை. ஒருவன் என்னைப் பார்த்தபடியே கீழே துப்பினான். எனக்கு வீம்பு ஏறிவிட்டது, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

இடைவேளையில் கச்சான் கடலை வாங்கிவருகிறேன் என்று முத்தையா வெளியே போனான். மழை பிடித்துக்கொண்டது. விளக்கை அணைத்தார்கள், அவன் திரும்பிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தத் தகரக் கூரையில் மலாக்கா மழை விழுந்தால் எப்படி இருக்கும் தெரியுமா, திரையில் ராணி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், பாட்டு ஒரு வரிகூடக் கேட்கவில்லை, சனம் கூச்சல் போடுகிறது, அந்தக் கூச்சலும் கேட்கவில்லை. ஆனால் முத்தையா என் காதோரம் மெல்லப் பேசியது மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

"எவனும் கட்ட மாட்டான்னுதானே அந்த நொண்டிய என் தலையில கட்டுற?"

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "என்னடா பேச்சு இது?" என்றேன். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கட்டிக்கிறேன். ஆறு மாசம். நகைய வாங்கிக்கிட்டு உன் வாசல்லயே கொண்டாந்து இறக்கிடுவேன். அவ காலத் தேச்சுத் தேச்சு நடக்கறத என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

அவன் குரல்தான், சத்தியமாக அவன் குரல். எழுந்திருக்கப் பார்த்தேன். என் கைமேல் அவன் கை இருந்தது, அரிசி மூட்டையை வைத்தது போல ஒரு கனம், அசைக்க முடியவில்லை. படம் முடிகிறவரை சரசுவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். மிச்சத்தை என் வாயால் சொல்ல மாட்டேன்.

விளக்கு எரிந்தபோது பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. நான் காலடியில் எறிந்த துண்டு இரண்டு நாற்காலிகளிலும் மறுபடி விரித்துக் கிடந்தது. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். யார் போட்டது, என்னைத் தூக்காமல் எப்படிப் போட முடியும், இதெல்லாம் பிறகு நினைத்ததுதான், அந்த நேரத்தில் எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

முத்தையா வாசலில் நின்றான், சட்டையெல்லாம் நனைந்து, கையில் இரண்டு கச்சான் பொட்டலத்தோடு. ஓங்கி அறைந்தேன். நான் கேட்டதையெல்லாம் கத்தினேன், சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"நான் அங்க வரவே இல்லடா," என்றான். "என் நாற்காலியில எவனோ உட்கார்ந்து உன் காதுல பேசிக்கிட்டிருந்தான். உனக்குத் தெரிஞ்சவன்னு நெனச்சு நான் பின்னாடி பெஞ்சுக்குப் போயிட்டேன்."

டிக்கெட் கிழிக்கிறவரும், "ஆமா தம்பி, அவரு பின்னாலதான் இருந்தாரு," என்றார். நான் நம்பவில்லை. கல்யாணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி வெறித்துப் பார்த்தான், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் மழையில் இறங்கிப் போய்விட்டான். குற்றமுள்ளவன் வேறெப்படிப் போவான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது சரசு, "அவரு அப்படிப் பேசியிருக்க மாட்டாரு. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிருச்சு," என்றாள். அவளைச் சும்மா இருக்கச் சொல்லி, கேட்டதை ஒன்று விடாமல் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதன்பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைப்பாள், திரும்பிப் போய்விடுவாள்.

நான்கு வருடம் கழித்து ஒரு கேஸ் விஷயமாக செலண்டார் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் முத்தையா, தோளில் ஒரு பிள்ளை.  நான்தான் முதலில் கேட்டேன்.

"கல்யாணம் கிடையாதுன்னு நான் சொன்னப்ப ஏன்டா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமப் போன?"

"அத்தன சனத்துக்கு முன்னாடி வேறென்ன பேசறது? கொஞ்ச நேரத்துல நீயே பின்னாடி பெஞ்சுக்கு எழுந்து வந்து, என் பக்கத்துல உட்கார்ந்து, படம் முடியிற வரைக்கும் நீ பேசினதக் கேட்டதுக்கப்புறம்?"

"நான் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்லடா!"

அவன் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். "எங்கம்மா யாரு புருஷனோட கப்பலேறி வந்தாங்கன்னு நீ சொன்னியே. அத இன்னிக்கி வரைக்கும் எங்கம்மாகிட்ட நான் கேக்கல," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.

இதற்குமேல் சிரிப்பதென்றால் சிரியுங்கள். அவன் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது நிஜம். நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை, சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். அன்று இடைவேளையில், அவன் கச்சான் வாங்கப் போயிருந்தபோது, இப்படிப்பட்டவளின் பிள்ளைக்கா பெண் கொடுக்கிறோம் என்று மனத்துக்குள் ஒரு முறை நினைத்தேன். அவ்வளவுதான்.

என் குரலில் அவன் கேட்டது நான் நிஜமாகவே நினைத்தது. அப்படியானால் அவன் குரலில் நான் கேட்டது? கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், சரசு உள்ளே அடுப்படியில்தான் இருக்கிறாள்.