உப்புப் போட்ட ஐஸ்

கால்நடை ஆய்வுகூடத்தில் இரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களோடு வாழ்நாளைக் கழித்துவிட்டு, பலெர்மோவில் மகள் வீட்டில் நிம்மதியாக இருந்தேன். அதைக் கெடுத்தவன் என் மனைவியின் தம்பி. நகருக்கு வெளியே பால் பண்ணையில் மாடு பார்ப்பவன்.

"அத்தான், முதலாளி என்னை நிப்பாட்டப் போறார். தடுப்பூசி போட்ட மாடுகளுக்கு நோய் எதிர்ப்பு வரேல்லையாம். மருந்தை நான் ஃபிரிட்ஜிலை வைக்காமல் பழுதாக்கிப் போட்டனாம்."

"வைச்சனியோ?"

"ஓம், சத்தியமா."

வேலை போனால் அவனுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. இதை என் மனைவி சோறு போடும்போது இரண்டு தடவை சொன்னாள்.

தடுப்பூசி பிடித்ததா என்று அறிய, ஊசிக்கு முன்னும் சில வாரம் கழித்தும் மாட்டின் இரத்தம் எடுப்பார்கள். கட்டிபட்ட இரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் எதிர்ப்புப் பொருள் கூடியிருக்க வேண்டும்.

"ரெண்டாம் முறை இரத்தத்தை ஆர் கொண்டு போனது?"

"நான்தான். வெயிலெண்டு பக்குவமாக் கொண்டுபோனனான். கீழை ஐஸ், நடுவிலை குழாய், மேலை திரும்ப ஐஸ். உப்பும் போட்டனான்."

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன்கடையில் நெடுங்காலம் நின்றவன். மாட்டு இரத்தத்தையும் வாள்மீன் போல அடுக்கியிருக்கிறான். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கூடும்; அதில் இரத்தம் பனிக்கட்டியாக உறைந்து, செல்கள் வெடித்து, தெளிந்த நீர் சிவப்பாகிவிடும். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கண் உள்ள ஆய்வுகூடம் திருப்பி அனுப்பியிருக்கும். இந்த ஆய்வுகூடம் "எதிர்ப்பு இல்லை" என்று அழகாக அச்சடித்து அனுப்பியிருந்தது.

மறுநாள் பண்ணைக்குப் போய் முதலாளியிடம் விளக்கினேன். எனக்கு இத்தாலியன் போதாது. மச்சான்தான் இடையில் நின்றான்.

"இன்னொருக்கா எடுக்கலாமாம். அப்பவும் இல்லையெண்டால் என்னை வெளியிலை போகட்டாம்," என்று தன் தண்டனையைத் தானே மொழிபெயர்த்தான்.

இந்த முறை குழாய்களை ஐஸ் படாமல் துணி சுற்றி நிமிர்த்தி வைத்து, பெட்டியை என் மடியிலேயே வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பும் வழியில்தான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இந்தத் தடுப்பூசி சூட்டில் மட்டுமல்ல, உறைந்தாலும் பழுதாகிவிடும்.

"மருந்தை ஃபிரிட்ஜிலை எந்தத் தட்டிலை வைச்சனி?"

அவன் யோசித்தான். "ஞாபகமில்லை, அத்தான்."

அதன்பிறகு முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் வெயில் என்றேன்.

ஒரு மாலை அவன் வாசலிலேயே கத்தினான். "எல்லா மாட்டுக்கும் எதிர்ப்பு வந்திட்டுதாம்! என்னை நிக்கட்டாம்!"

உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் சொன்னான்: "இப்ப ஞாபகம் வருது. கீழ்த்தட்டிலைதான் வைச்சனான். மேலை ஐஸ்பெட்டி முழுக்க முதலாளியின்ரை மீன்."

"மீன் இல்லாட்டி?"

"பிறகென்ன, ஐஸுக்குள்ளைதான். நல்லாக் கிடந்திருக்கும்."

"இதை முதலாளியிட்டைக் கதைச்சுப் போடாதை," என்றேன்.