சைடு பார் போடப் போன இடத்தில்…

போன சனிக்கிழமை நடந்தது இது. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. ரோட்டில் எந்த ஜீப்பைப் பார்த்தாலும் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்… பார்க்கட்டும்!

என் தங்கை வனிதா வெள்ளகோவிலில் மாட்டு டாக்டர். தோட்டம் தோட்டமாகப் போய் வைத்தியம் பார்ப்பவள். தார் ரோடு இருக்கிற இடமாகப் பார்த்தா மாடு கன்று போடும்? கல்லும் முள்ளுமான மேய்ச்சல் காட்டுக்குள் எல்லாம் வண்டி போயாக வேண்டும். அதனால் போன வருஷம் ஒரு ஜீப் வாங்கினாள். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் வேற்றாளிடம் இல்லை – எங்கள் சித்தப்பா மகன் குமரேசன் அண்ணனிடம். அவர் அதே ஊரில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். ஒரு புரோக்கர் மூலம் வாங்கி, இரண்டு வருஷம் அவரே ஓட்டிய வண்டி. சொந்தத்தில் வாங்குகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?

போன மாதம் ஒரு காட்டுக்குள் போனபோது கதவுக்குக் கீழே பாறை இடித்து நசுங்கிவிட்டது. “சைடு பார் போட்டரலாம்க்கா” என்றாள். இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் நீளவாக்கில் மாட்டுகிற தடித்த இரும்புக் குழாய். கல் இடித்தால் அது வாங்கிக்கொள்ளும், கதவு தப்பிக்கும். ஏறி இறங்கப் படியாகவும் ஆகும்.

காலையிலேயே சரவணம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு உக்கடம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனாள். எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. பார் மாட்டும் நேரத்தில் பிரியாணி சாப்பிடலாம் என்பது என் கணக்கு.

பட்டறைக்காரர் ஜெரால்ட், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஜீப் பைத்தியத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். மறுநாள் சர்ச், கடை லீவு என்பதால் சனிக்கிழமை அங்கே திருவிழாக் கூட்டம். வண்டியை லிஃப்டில் தூக்கினார். “பாடியில மாட்டுனா அது சும்மா அலங்காரமுங்க. சேசிஸ்ல மாட்டோணும், அப்பத்தான் பலம்” என்றார். சேசிஸ் என்றால் வண்டியையே தாங்குகிற இரும்புச் சட்டம். நமக்கு முதுகெலும்பு மாதிரி.

அந்தச் சட்டம் முழுக்கத் தார் மாதிரி கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. பாரைப் பிடிக்கிற கிளாம்ப் வைக்க வேண்டிய இடத்தைச் சுரண்டினார்கள். ஒரு பாளம், தோசை மாதிரி அப்படியே உரிந்து விழுந்தது.

உள்ளே ஒரு கோடு. இரும்பைச் சுற்றி, மேடும் பள்ளமுமாக.

“இதென்னங்க, தையல் போட்ட மாதிரி இருக்கு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

ஜெரால்ட் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சட்டத்துக்குப் போய் அதே இடத்தில் அவரே சுரண்டினார். அங்கேயும் கோடு!

“ஏனுங்க அம்மணி… இந்த வண்டிய யாருகிட்ட வாங்குனீங்க?”

“எங்க அண்ணன்கிட்டங்க. ஏனுங்க?”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்: “இது ஒரு வண்டி இல்லீங்க. ரெண்டு வண்டி.”

எனக்குப் புரியவே இல்லை. பொறுமையாக விளக்கினார். முன்னால் அடிபட்ட ஒரு ஜீப், பின்னால் அடிபட்ட இன்னொரு ஜீப். இரண்டையும் நடுவில் அறுத்து, இதன் நல்ல பாதியையும் அதன் நல்ல பாதியையும் ஒட்டவைத்து, மேலே கறுப்பைப் பூசி, ஒரே வண்டியாக விற்றிருக்கிறார்கள். வெல்டிங்கில் ஒரு பக்கம் விரிசல் வேறு. மெல்லிய மயிரிழை மாதிரி… டார்ச் அடித்துக் காட்டினார்.

“பெரிய குழியில ஒருக்கா நல்லா எறங்குனா…” என்று ஆரம்பித்தவர், வனிதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வனிதா தைரியசாலி. வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும் கன்றைத் தோள்வரை கையைவிட்டுத் திருப்பி எடுக்கிறவள். அவளுக்கு அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. “மகனை ஸ்கூல்ல விடறது இதுலதாங்க்கா… பின்னாடி சீட்டுல” என்றாள். பின் சீட்டின் காலடியில் இருந்தது அந்தக் கோடு.

அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். வாய்விட்டுக் கேட்க இருவருக்கும் தைரியமில்லை.

அண்ணனுக்குத் தெரியுமா?

தெரிந்தே கொடுத்திருந்தால்? எங்கள் கல்யாணங்களுக்குப் பந்தல்கால் நட்டதிலிருந்து பந்தி பார்த்தது வரை எல்லாம் அவர். போனில் எதையும் சொல்லவில்லை. “கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணா” என்று மட்டும் சொன்னாள் வனிதா. பிரியாணி எனக்கு மறந்தே போயிருந்தது.

மத்தியானம் அண்ணன் வந்து சேர்ந்தார். “ஏங் கண்ணு, பாரு போட்டாச்சா?” என்று சிரித்துக்கொண்டே வந்தவரை ஜெரால்ட் வண்டிக்கு அடியில் கூட்டிப்போனார். அவர் வெல்டிங்கைப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம்.

அண்ணன் கையை உயர்த்தி அந்தக் கோட்டைத் தொட்டார். அந்தப் பக்கம் போய் அதையும் தொட்டார். அப்புறம் அங்கே கிடந்த ஒரு டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வால்பாறைக்கு இதுலதான் அம்மணி போனோம். அப்பா, அம்மா, குழந்தைக… அத்தனை கொண்டை ஊசி வளைவு… எம் புள்ளை வண்டி பழகுனதே இதுல…” சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டிக்கிடந்தது.

அவருக்குத் தெரியாது! வனிதா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணனுக்கு வண்டியை முடித்துக் கொடுத்த புரோக்கருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில். அந்த ஆள் பதறுவான், மறுப்பான் என்றுதானே நினைப்போம்?

“ஆமாங்ணா, ஒட்டு வண்டிதானுங்க. அதுக்கென்னங்க இப்ப? இத்தனை நாளா ஓடுச்சில்லீங்க?”

புரோக்கர் அதோடு நிறுத்தவில்லை. அதே மரியாதை, அதே ‘ங்க’. “சைடு பார் மாட்டறீங்கல்ல… நல்லதாப் போச்சுங்க. அதோட அந்த இடத்தையும் மறைச்சுப்போடுங்க. நானே ஒரு பார்ட்டி புடிச்சுத் தாரேன்.”

பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போனையே வெறித்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அந்த ஒரு நிமிஷம் என் மனதிலும் ஓடியது – கொடுத்துத் தொலைத்தால்தான் என்ன?

“பார்ட்டி யாருங்க?” என்று கேட்டார் அண்ணன்.

“மலைக்கு டூரிஸ்டு ஓட்டறவருங்க. டெய்லி ட்ரிப்பு.”

அண்ணன் போனை வைத்துவிட்டு எழுந்தார். “கட்டர் எடுங்க. என் கண்ணு முன்னாடி இதை ரெண்டா அறுத்துப்போடுங்க. எவனும் இதுல ஏறக் கூடாது” என்று கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

ஜெரால்ட்தான் தடுத்தார். “அறுத்துப்போட்டா போலீஸ்ல எதைக் காட்டுவீங்க? அப்புடியே கொண்டுபோய் நிறுத்துங்க.”

வண்டியை மீட்பு லாரியில் ஏற்றினோம். ஓட்டிப்போக எங்களில் யாருக்கும் துணிவில்லை. அண்ணனும் வனிதாவும் சேர்ந்தே புகார் கொடுத்தார்கள். இப்போது வண்டி போலீஸ் வசம். “நட்டம் என்னோடது” என்று அண்ணன் சொல்ல, “நீங்களும்தானே ஏமாந்தீங்க, பாதிப் பாதி” என்று வனிதா சொல்ல, அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அவள் இப்போதைக்கு மொபெட்டில் போகிறாள். மொபெட் போகாத இடத்துக்கு நடை.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் மாடு வாங்கினால் வாயைத் திறந்து பல் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், மடியைத் தடவிப் பார்க்கிறோம். மாடு எதுவும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை! சொந்தக்காரரிடம் வாங்கும்போது மட்டும், “அடியில ஒரு தடவை பார்த்துக்கறேன்” என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை. சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். அண்ணனும் வனிதாவிடம் இதையேதான் சொன்னார் – “நீ பார்க்கறேன்னு சொல்லியிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும் அம்மணி. ஆனா உம் புள்ளை இந்த ஒரு வருஷமா அதுல ஏறியிருக்க மாட்டான்.”

கேட்டுவிடுங்கள். கோபம் நாலு நாளில் ஆறிவிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு. புரோக்கர் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பிய மெசேஜ். லிஸ்டிலிருந்து அண்ணன் நம்பரை எடுக்க மறந்துவிட்டார் போல. மாலை போட்ட வேறொரு வெள்ளை ஜீப், அதற்குக் கீழே இரண்டே வரி:

“குடும்ப வண்டி. கண்ணை மூடிட்டு வாங்கலாமுங்க!”