ஓரகத்தியின் கஷாயப் போத்தல்

ஆர்ஃபா டட்டில் போட்ட தக்காளி சாஸைப்போல் எங்கள் அயோவா ஆற்றங்கரையில் இன்னொருத்தி போட்டதில்லை. அழுகல் விழுந்த ஒரு பழம்கூட அவள் அண்டாவுக்குள் போகாது. ஆனால் ஊர் புகழ்ந்ததெல்லாம் அவளுடைய ஓரகத்தி லவீனியாவை. இருவருமே விதவைகள், அடுத்தடுத்த வீடு. லவீனியா நரம்புக் கஷாயம் காய்ச்சி விற்றாள். மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் அதை நாளுக்கு மூன்று கரண்டி குடித்துவிட்டு, உடம்பே இலேசாகிவிட்டது என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

1906 கோடையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் தாண்டிப் போகும் மருந்தில் சாராயமோ அபினோ இருந்தால், எவ்வளவு என்று லேபிளில் அச்சிட வேண்டும். புது வருடத்தில் அது நடைமுறைக்கு வந்ததும், ஆர்ஃபா செய்தித்தாள் துண்டோடு தபால் நிலையத்துக்கு வந்தாள். அங்கே தபால்காரி நான்தான்.

"ஐடெல்லா, வாஷிங்டனுக்கு எத்தனை நாள்ல கடுதாசி போகும்?"

"மூணு நாள். யாருக்கு?"

"கவர்மென்ட் மருந்து ஆபீசுக்கு. அவ கஷாயம் படகேறி அக்கரையில இல்லினாய் மாநிலத்துக்குப் போகுதுல்ல? லேபிள்ல மூலிகைப் படம்தானே இருக்கு?"

"உன் கொழுந்தன் பொண்டாட்டிடி அவ."

"அதனால? சட்டம் எல்லாருக்கும்தான்." அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் நாள் பூரா அடுப்புல வேகுறேன். ஒருத்தியாவது என் கையைப் பிடிச்சிருக்காளா?"

தபால்தலையை அவளே நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினாள்.

ஏப்ரலில் அரசு ஆய்வாளர் வந்தார். லவீனியா எதையும் மறைக்கவில்லை, அலமாரியைத் திறந்து காட்டினாள். சோதனை முடிவு வந்தது. நூற்றுக்கு இருபது பங்கு சாராயம். புது லேபிள் ஒட்டிய முதல் போத்தலைச் சங்கச் செயலாளர் திருமதி பிலார்டு கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"கடவுளே! அஞ்சு வருஷமா நான் குடிச்சது இதையா?"

"அதான் நீ ஜெபக் கூட்டத்துல அவ்ளோ சத்தமா பாடினே" என்றார் அவர் கணவர். அந்த அம்மாள் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஒரே மாதத்தில் கஷாய வியாபாரம் படுத்துவிட்டது. அதே ஆய்வாளர் ஆர்ஃபாவின் சாஸையும் சோதித்து, சுத்தமான சரக்கு என்று எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வாசலறையில் மாட்டினாள். பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

வந்தது லவீனியா மட்டும்தான்.

"அக்கா, தக்காளி நறுக்க ஆள் வேணுமா?"

ஆர்ஃபா திரும்பாமலே கேட்டாள். "எதுக்கு எங்கிட்ட வர்றே?"

"அந்த ஆபீசர் கொண்டுவந்த காகிதங்களோட உங்க கடுதாசியும் இருந்துச்சு. எழுத்து தெரியாதா எனக்கு?" லவீனியா மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "கோபம் வந்துச்சு, ஒரு வாரம் சாப்பிடல. அப்புறம் யோசிச்சேன். உள்ள என்ன ஊத்துறேன்னு எனக்குத் தெரியும்தானே. கத்தி எங்க இருக்கு?"

ஆர்ஃபா கத்தியை எடுத்துக் கொடுத்தாள். மன்னிப்பு அவள் வாயில் வரவில்லை. அன்று மட்டுமல்ல, என்றைக்குமே.

ஆகஸ்டுக்குள் அந்தச் சமையலறைப் பின்கட்டில் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். லவீனியா நறுக்கிக்கொண்டே கதை சொல்வாள், சிரிப்பு தெருவரை கேட்கும். போகும்போது ஆளுக்கு இரண்டு போத்தல் சாஸ் வாங்கிப் போவார்கள். கடைகளில் அதற்கு 'லவீனியா சாஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆர்ஃபா அச்சகத்துக்குப் போய், தன் முழுப்பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுப் புது லேபிள் அடித்து வந்தாள். அதையும் லவீனியாவே ஒன்றுவிடாமல் நேராக ஒட்டினாள்.

"பாரு ஐடெல்லா, ஒட்டுறதைக்கூட என்னைவிட நல்லா ஒட்டுறா" என்று என்னிடம் புலம்பினாள் ஆர்ஃபா.

பதினொரு கோடை அப்படியே போயிற்று. 1918இல் பெரிய விஷக்காய்ச்சல் வந்த இலையுதிர் காலத்தில் லவீனியா முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. அப்படியும் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே ஊரே வந்து தள்ளித் தள்ளி நின்றது.

ஆர்ஃபா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "நான் போனா இந்தக் கூட்டத்துல பாதி வருமாடி?"

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.