மாலை போடாத படம்

தாம்பரத்தில் யாராவது "உங்க அம்மாகிட்ட பேசிட்டு வந்தேன்" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒருதரம் திக்கென்கிறது. எங்களூரில் பேசுவது என்றால் ஏசுவது. போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா வாசல் கேட்டடியில் நின்று, நல்ல மனதோடு, "பாட்டிகிட்ட கொஞ்ச நேரம் பேசலாம்னு வந்தேன்" என்றார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்திவிட்டு, தான் செய்த பிழை என்ன என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நாங்கள் கதைப்போம், இவர்கள் பேசுவார்கள். இவர்களுக்குக் கதை என்றால் சினிமாக் கதை, இல்லாவிட்டால் புளுகு. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடம், டொக்டரோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கதையெல்லாம் வேண்டாமாம், அவர் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதுமாம். இப்போது பகல் முழுக்க இந்த ஊர்த் தமிழில் சமாளித்துவிட்டு, சேலையூர் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிடுகிறேன். உள்ளே அம்மாவும் நானும் மன்னாரில்தான் இருக்கிறோம்.

அங்கிருந்து படகேறியது அம்மாவும் நானும் மட்டும். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளையை அங்கே வைத்திருக்க ஏலாது என்று என் தகப்பனார், நாங்கள் ஐயா என்போம், எங்களை அனுப்பினார். வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டுத் தானும் தம்பி அன்ரனும் பின்னால் வருவதாகச் சொன்னார். கரையில் நின்று கையசைத்தபோது அன்ரனுக்கு மீசைகூட அரும்பவில்லை. ஐயா பிறகு காய்ச்சலில் போய்விட்டார். அன்ரன் வளர்ந்து, மீசை வைத்து, சைக்கிளோடு நின்று எடுத்த ஒரு படத்தை ஆரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். போர் முடிந்த நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்தவனை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பார்த்தவர் சொல்லி, இன்னொருவர் சொல்லி, கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நான் நிற்கும்போது ஃபோனில் எனக்கு வந்தது அந்தச் செய்தி. அதற்குப் பிறகு வேறு செய்தி வரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் வெயிலில் இருக்கிற தாய்மாரை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். அம்மா அங்கே இருந்திருந்தால் அவர்களோடு போய் இருந்திருப்பார். தனக்குப் பக்கத்தில் இருந்து அழ இன்னும் நாலு பேர் இருந்திருப்பார்கள். இங்கே ஆரோடு போய் இருப்பது? ஆகவே அம்மா தன் வழியைத் தானே கண்டுபிடித்தார். மாதம் தவறாமல் மாதா கோயில் அலுவலகத்தில் அன்ரனுக்குப் பூசைக் கருத்துக் கொடுப்பார், பூசையில் அவனுக்காக மன்றாடச் சொல்லிப் பெயர் எழுதுவிப்பார். இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றியில் அல்ல. உடல்நலம் வேண்டிக் கொடுப்பவர்களோடு சேர்த்து, அன்ரனின் உடல்நலத்துக்காக.

அன்டன் என்று சொல்வதற்கு நாங்கள் எழுதுகிற அன்ரன் என்ற பெயரை இவர்கள் எழுத்துக்கு எழுத்து, ஏதோ ஓட்டப் பந்தயம் போல, அன்-ரன் என்று வாசிப்பார்கள். எத்தனையோ தரம் திருத்திப் பார்த்து நான் கைவிட்டுவிட்டேன். பூசை முடிந்து வெளியே வந்தால் நாலைந்து பேர் அம்மாவிடம், பையனுக்கு இப்போது பரவாயில்லையா, எந்த ஆஸ்பத்திரி என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அம்மா முகம் மாறாமல், "சுகமாத்தான் இருப்பான்" என்பார். கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தியோடு போகும்போது அம்மா வீட்டில் உடுப்புத் தோய்ப்பார். எனக்கோ சில நாட்களில் நம்பிக்கை இருக்கும், பல நாட்களில் இராது. அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை.

எங்கள் கோயிலில் சமாதானக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதை நடத்துவது எமல்டா அக்கா, ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். இந்த ஊருக்கு வந்த காலத்தில் எங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்து, சிலோன்காரர் என்று தயங்கிய வீட்டுக்காரரிடம் எங்களுக்காகச் சண்டை பிடித்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமைகளில் ஒரு வேனில் படப் பலகைகளும் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு போய், சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று, சண்டை மனிதரை என்ன செய்யும் என்று சனத்துக்கு எடுத்துச் சொல்வதுதான் குழுவின் வேலை. ஆரம்பத்தில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. சமாதானத்தை ஃபிளெக்ஸில் அடித்துக் கட்டினால் வந்துவிடுமா? படப்பைச் சந்தையில் மெடிக்கல் கேம்ப் என்று நினைத்து வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், சட்டைக் கையை மடித்து எமல்டா அக்காவிடம் நீட்டினார். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் புறா படத்துக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் எமல்டா அக்கா சளைக்கவில்லை, நின்று கேட்ட ஒருவர் இருவருக்குத் தொண்டை கட்டும்வரை சொல்வார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போய் நானும் வேனில் ஏறினேன்.

கோவளத்தில் நடக்கப்போகும் கூட்டத்துக்கு "போரும் வீடும்" என்று தலைப்பு வைத்தார்கள். எமல்டா அக்கா என்னைப் பேசச் சொன்னார், தம்பியின் படத்தையும் கேட்டார். படத்துக்குக் கீழே போட நான் எழுதிக் கொடுத்தது "காணாமல் ஆக்கப்பட்ட அன்ரன்". கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். ஆக்கப்பட்ட என்று போட்டால் ஆக்கியது யார் என்று கேட்பார்கள், அது அரசியலாகிவிடும், நாம் போவது சமாதானத்துக்கு என்றார். காணாமல் போன என்று போடலாமே என்றேன். அது குடைக்கும் மாட்டுக்கும் சொல்வது, பிள்ளைக்கு நன்றாக இல்லை, நல்ல வார்த்தையாகத் தானே பார்த்துப் போடுவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். தமிழ் டீச்சரோடு சொல்லுக்காக மல்லுக்கட்ட என்னால் முடியாது.

வீட்டில் அம்மாவுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோவளம் மீன்பிடி ஊர், கடலில் போய் வருகிற சனம் படத்தைப் பார்க்கும், அவர்களில் ஆராவது அன்ரனை எங்கேயாவது கண்டிருக்கக் கூடும் என்று அம்மா நினைத்துவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு கோயில் தன் பிள்ளையைத் தேடப் புறப்பட்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. இடது புருவத்தில் வெட்டுக் காயத் தழும்பு இருப்பதை மறக்காமல் போடச் சொல், எங்களின் ஃபோன் நம்பரைப் பெரிதாகப் போடச் சொல் என்று என்னை ஓயாமல் அரியண்டப்படுத்தினார். நல்ல சேலையை எடுத்து அயர்ன் பண்ணினார். அது தேடுகிற கூட்டம் இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சேலை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் என்னால் சொல்ல முடியவில்லை.

நாங்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது குழுக்காரர்கள் வேனில் முன்னமே வந்து பலகைகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மீன் ஏலம், ஒரு பக்கம் பஸ்களின் ஹாரன், நடுவில் எங்கள் சமாதானம். அம்மா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். அன்ரனின் படத்தைப் பெரிதாக அடித்திருந்தார்கள், சைக்கிளை வெட்டிவிட்டு முகத்தை மட்டும். கீழே அழகான எழுத்தில் "மறைந்த அன்ரன்" என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்த குழுக்காரர் ஒருவர், தாம்பரம் மார்க்கெட்டில் புதுச் சம்பங்கி மாலை வாங்கிவந்து படத்துக்குப் போட்டு, ஊதுவத்தியும் கொளுத்தி வைத்திருந்தார். அவரில் என்ன பிழை? மறைந்த என்று போட்ட படத்தை வெறுமனே விடுவது இந்த ஊரில் மரியாதைக் குறைவு.

அம்மா கிட்டப் போனார். ஊதுவத்தியை எடுத்து மணலில் குத்தி அணைத்தார். பிறகு எட்டி மாலையைக் கழற்ற முயன்றார், உயரம் போதவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து கழற்றிக் கொடுத்தார்.

"இன்னா ஆயா, உன் புள்ளயா? எப்ப பூட்டாரு?"

"சாகேல்லை, பிள்ளை. காணேல்லை."

"காணோமா? அப்ப இன்னாத்துக்கு மால போட்டுக்கீறாங்க?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். நெற்றி, கண், தாடை என்று மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இந்தாண்ட நான் பாத்ததில்ல ஆயா. மூஞ்சிய ஞாபகம் வச்சிக்கிறேன், கண்டா சொல்றேன்."

அந்த முகத்தை, எங்கேயோ பார்த்திருக்கிறோமா என்ற கேள்வியோடு அதுவரை இந்த நாட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. அம்மாவின் கண் கலங்கியது அப்போதுதான். எனக்கும் அடக்க முடியவில்லை.

அதற்குள் ஸ்பீக்கரில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இலங்கையிலிருந்து வந்த சகோதரி தன் கதையைச் சொல்லுவார் என்றது குரல். இரவெல்லாம் கண் விழித்து, மன்னிப்பு, மறுவாழ்வு, பகை மறத்தல் என்று நல்ல நல்ல சொற்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நின்றார். அவருக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன். என் தம்பியின் பெயர் அன்ரன். என்னை விட ஒரு சாண் உயரம் இருப்பான், மாநிறம், இடது புருவத்தில் தழும்பு. கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. இப்போது தலை நரைத்திருக்கும். கண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஏலக்காரர்கூட ஏலத்தை விட்டுவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சனம் நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் எமல்டா அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல வார்த்தை என்று நினைத்துத்தான் போட்டேன், மனசு நோகாத வார்த்தை என்று நினைத்தேன் என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, "இத்தனை வருஷம் ஆச்சேம்மா" என்றார். அம்மா அதற்குக் கோபப்படவில்லை. "எனக்கும் எண்ணத் தெரியும், பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மாலையை மாதா சுரூபத்துக்குப் போட்டார். வாடிக் கருகிய பிறகும் அதைத் தூக்கிப் போட விடவில்லை.

அடுத்த மாதம் கருத்துக் கொடுக்க அம்மாவோடு நானும் போனேன். அலுவலகப் பையன் வழக்கம்போல, உடல்நலந்தானே பாட்டி என்று கேட்டான். அம்மா அவன் கையிலிருந்த பேனையைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஆன்ம இளைப்பாற்றியா என்று அவன் இன்னொரு முறை கேட்டான். அந்தச் சொல்லுக்கு அம்மா ஓம் என்று தலையாட்டிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று இருந்தது. நம்பாத நான்தான் அப்படிப் பயந்தேன்.

"சமாதானம் எண்டு போடு ராசா," என்றார் அம்மா. "அவன் எங்க இருந்தாலும்."

அந்த ஞாயிறு பூசைக்கு முன்னால் கருத்துகளை வாசித்தது எமல்டா அக்கா. முதலில் நோயாளிகளின் பெயர்கள், உடல்நலத்துக்காக. கடைசியில் இறந்தவர்களின் பெயர்கள், ஆன்ம இளைப்பாற்றிக்காக. இரண்டுக்கும் நடுவில் ஒருகணம் நிறுத்தினார். "அன்டன், சமாதானத்துக்காக" என்றார். நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, பிழையில்லாமல். எப்போது, யாரிடம் கேட்டுப் பழகினாரோ தெரியாது. பிறகு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் சனம் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்பியது. நானும் அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாங்கள் இருந்த வாங்குப் பெஞ்சின் அந்தப் பக்கத்தில் ஓராள் இருக்கக்கூடிய வெற்றிடத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.