நாலு மணிக்கு மேல் மாடலை எங்கே வைப்பது?

இந்த அட்மிஷன் சமயத்தில் பிள்ளைகளை இன்டீரியர் டிசைன் காலேஜ் பார்க்கக் கூட்டிப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 1991 ஜூனில். மகள் செல்வி ப்ளஸ் டூ முடித்திருந்தாள். வரைவதைத் தவிர வேறெதிலும் அவளுக்கு மனசில்லை. வாலாஜாபாத்திலிருந்து தினமும் போய்வருகிற தூரத்தில் அந்தப் படிப்பு இருந்தது ஒரகடம் பக்கம் ஒரே காலேஜில்தான். ஹாஸ்டல் கூடாது என்று அவள் அம்மா சொல்லியாகிவிட்டது. ஆக, இது இல்லையென்றால் பி.காம்.

காலை ஒன்பதரை பஸ். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, முக்கால் மணி நேரம், டிக்கெட் இரண்டரை ரூபாய். ஜன்னலோர இடமே கிடைத்தது. மேகம் மூடிய ஏரி, வயல், கம்பெனி வரப்போகிறதென்று வேலி போட்ட பொட்டல். பார்க்க ஒன்றுமில்லை.

காலேஜ் ஒரு பழைய குடோனில் நடந்தது. நான் பத்தாவதில் கோட்டை விட்டவன். டிராயிங் ஹாலில் என்னத்தைப் பார்ப்பது? தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு மேசையையும் தட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடுகிறதா, பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று விசாரித்தேன். சாய்வு மேசையெல்லாம் புதுசு. மரவேலைக் கூடத்தில் ரம்பம், இழைப்பு மெஷின். எனக்குப் பரம திருப்தி.

செல்வி ஒன்றுதான் கேட்டாள். "சார், செய்யற மாடலை எங்க வைக்கணும்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடணும்மா," என்றார் பிரின்சிபால். "நாலு மணிக்கு மேல வேற பேட்ச் இதே டேபிள்ல உக்காரும். அடுத்த வருஷம் புது பில்டிங் வந்துடும்."

ஒழுங்கான காலேஜ் என்று நான் தலையாட்டினேன்.

அவள் தினமும் வரப்போகிற பஸ்ஸையும் பார்த்துவிடலாமென்று நாலரை வரை காத்திருந்தோம். தூறல். ஸ்டாப்பில் ஸ்டெல்லா என்று ஒரு சீனியர் பெண், காஞ்சிபுரம் போகிறவள், கையில் அட்டையால் செய்த ஆஸ்பத்திரி வரவேற்பறை மாடல். தீக்குச்சியில் குட்டிக்குட்டி நாற்காலிகள். மறுநாள் அதற்கு மார்க் போடுவார்களாம்.

"வராந்தாவுல வெச்சா எலி மைதாப் பசையைத் தின்னுடும், அங்கிள்," என்றாள்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அவளைச் சும்மா விடவில்லை. "இன்னாம்மா, வூட்டையே தூக்கிக்கினு வந்துட்ட? அதுக்கும் டிக்கெட் எடு!"

பஸ்ஸே சிரித்தது. நான்தான் பலமாகச் சிரித்தேன். யாரோ எழுந்து ஸ்டெல்லாவுக்கு இடம் கொடுத்தார்கள்.

அடுத்த ஸ்டாப்பில் ஷிப்ட் விட்ட கூட்டம் ஏறியது. மூச்சுவிட இடமில்லை. எதிரே மாடு வர, டிரைவர் பிரேக் அடித்தார். ஒருவர் கையிலிருந்த டிபன் கேரியர் நேராக ஆஸ்பத்திரிக்குள் இறங்கியது. சுவர் இரண்டாக மடிந்தது.

"ஐயோ பாப்பா! பிடி நழுவிப்போச்சு. கோந்து போட்டா ஒட்டிக்குமா?" அந்த ஆளுக்கு முகமே செத்துவிட்டது.

"பரவால்லண்ணா," என்றாள் ஸ்டெல்லா.

செல்வி கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஈரத் தரையில் நாற்காலிகளைப் பொறுக்கினாள். பாதி நசுங்கியிருந்தன.

"அடிக்கடி இப்படி ஆவுமாக்கா?"

"மழைக்காலத்துல ரொம்ப. பழகிடுச்சு," என்ற ஸ்டெல்லா, உடைந்ததையெல்லாம் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

வாலாஜாபாத்தில் இறங்கியதும், "ஆஸ்பத்திரிக்கே அடிபட்டுடுச்சு பாரு," என்று ஒரு ஜோக் அடித்தேன். செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். மேசையைத் தட்டாதீர்கள். செய்கிற பொருளை ராத்திரி எங்கே பூட்டி வைப்பார்கள் என்று கேளுங்கள். பிள்ளை திரும்புகிற நேரத்து பஸ்ஸில் நின்றுகொண்டே வாருங்கள். அங்கே படிக்கிற ஒருவரிடமாவது, வாத்தியார் இல்லாத இடத்தில், பேசுங்கள்.

ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. செல்வி பி.காம். ஃபாரத்தைப் பூர்த்தி செய்து என்னிடம் நீட்டினாள். மாடலை நானே தினமும் சைக்கிளில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். போகவர நாற்பது கிலோமீட்டர். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உடைஞ்சதைப் பாத்து பயந்துட்டியா?"

"இல்லப்பா," என்றாள். "அந்த அக்கா அழவே இல்ல. அதான்."