றக்பியும் ஒஸ்தா மாமாவும்

சின்னப் பிள்ளைகளோடு பேரம் பேசப் போகிறவர்கள் எங்கள் சாச்சாவின் கதையை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு அன்புக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

சாச்சா கண்டிப் பக்கத்துக்காரர். தொண்ணூறுகளின் நடுவில் என் உம்மாவின் தங்கையைக் கலியாணம் முடித்து, கல்முனைப் பக்க வழக்கப்படி பெண்வீட்டோடு வந்து குடியேறினார். படிக்கிற காலத்தில் றக்பி ஆடிப் பெயர் எடுத்தவர், வேலைதான் இல்லை. சவூதிக்கு விசா எடுத்துத் தருவதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். சாச்சி பிள்ளை உண்டாகியிருந்த நேரம் அது. சாச்சாவுக்குப் போக மனமில்லை. அவரோடு முன்பு ஆடிய கூட்டாளி ஒருவர் கண்டியில் விளையாட்டு அதிகாரியாக இருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு றக்பி பழக்கி ஒரு மெச் வை, வந்து பார்த்துவிட்டு உன்னை அந்தப் பகுதிக்கே பயிற்றுவிப்பாளராகப் போடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சாச்சா ஊரில் தங்குவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். பெரியவர்கள் சாப்பிடும்போதெல்லாம் இதைத்தான் கதைத்தார்கள். விசா என்பது காய்ச்சல் மாதிரி ஏதோ வருத்தத்தின் பெயர் என்று நான் நினைத்திருந்தேன்.

ஊரில் யாரையாவது கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்கலாம். கேட்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை பார்த்து, நாலு வயது முதல் ஆறு வயது வரையான எங்களையெல்லாம் அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் கூட்டினார். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பொடியன்களுக்குச் சுன்னத்து வைப்பதும் அதே விடுமுறையில்தான். அவருடைய ஊரில் கைக்குழந்தையிலேயே முடித்துவிடுவார்களாம்; அதனால் அந்த யோசனையே அவருக்கு வரவில்லை. சுன்னத்து செய்கிற ஒஸ்தா மாமாவை மாமா என்று கூப்பிடுவதெல்லாம் மரியாதைக்கு. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் நாங்கள் கட்டிலுக்குக் கீழே.

இரண்டு பேர் பயிற்சிக்கு வராமல் போனார்கள். தேடிப் போன சாச்சா, அவர்கள் சாரனை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதைக் கண்டார். அப்போதுதான் அவருக்குத் தலையில் இடி விழுந்தது. உடனே வீடு வீடாகப் போனார். "மெச் முடியட்டும். அடுத்த நாளே வைங்க" என்று கெஞ்சினார். புது மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எங்களை மணலில் உட்காரவைத்து, "பயப்படாதீங்க மகன். நீங்க ஒழுங்கா விளையாடப் பழகினாத்தான் மெச். மெச் முடிஞ்சாத்தான் ஒஸ்தா மாமா வருவார்" என்றார்.

எதிர்வீட்டு மச்சானுக்கு ஐந்து வயது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் காதுக்குள் கேட்டான்: "அப்ப, பழகாட்டி?"

உண்மையில் றக்பி அப்படியொன்றும் கடினமான விளையாட்டல்ல. பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி, கோட்டுக்கு அப்பால் வைத்தால் புள்ளி. எறிவதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் எறியலாம். இரண்டு பின்னேரங்களில் எங்களுக்கு அது விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. பின்னால் எறி என்றால் முன்னால் எறிந்தோம். ஓடு என்றால் பந்தின்மேல் ஏறி உட்கார்ந்தோம். மச்சான் பந்தோடு கடலுக்குள் இறங்கிவிடுவான். கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள், "தம்பி, இது பந்தில்ல, பப்பாசிப்பழம். உருண்டையா ஒண்டு வாங்கிக் குடுங்க" என்று புத்தி சொன்னார்கள். சாச்சா விசிலைத் தூக்கி மணலில் எறிவார். பிறகு அவரே தேடியெடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி ஊதுவார். "யா அல்லாஹ், கல்லுக்கும் வெளங்கியிருக்குமே!" என்று கத்துவார். விளங்கியிருக்கும்தான். கல்லுக்குச் சுன்னத்து இல்லையே.

மெச் நாளைத் தீர்மானிப்பது நாங்கள் பழகுவதல்ல, கண்டி அதிகாரிக்குக் கிடைக்கிற லீவு என்பதை அவர் எங்களிடம் சொல்லவேயில்லை. திடீரென்று ஒரு பின்னேரம் அதிகாரி கடற்கரைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். சாச்சி வட்டிலப்பம் செய்து அனுப்பியிருந்தார். விசில் ஊதியதும் நாங்கள் இரண்டு பக்கத்தாரும் ஒன்றுசேர்ந்து பந்தின்மேல் விழுந்து படுத்துக்கொண்டோம். மெச் முடிந்தால்தானே ஒஸ்தா? சாச்சா ஒருவனைத் தூக்கி நிறுத்தினால் மற்றவன் படுத்தான். எங்களோடு விளையாட வந்த ஒரே பெண்பிள்ளை மட்டும், எங்களுக்கு அடியிலிருந்து பந்தை உருவிக்கொண்டு ஓடி, கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தாள். திரும்பத் திரும்ப அவள்தான் வைத்தாள். அவளுக்கென்ன பயம்?

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "பொம்பளப் புள்ளைக்கு நல்லா வருது மச்சான். மத்தவங்க இன்னும் கொஞ்சம் வளரட்டும். அடுத்த வருஷம் பார்ப்பம்" என்று சாச்சாவின் தோளில் தட்டிவிட்டு, இருட்டுவதற்குள் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டுமென்று புறப்பட்டார்.

சாச்சா எங்களுக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசித் தொலைத்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. குனிந்து, மணலில் கிடந்த எங்கள் செருப்புகளைச் சோடி சோடியாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையிலேயே சைக்கிள் மணி கேட்டது. கட்டிலுக்குக் கீழேயிருந்து என்னை இழுத்தெடுத்துத் தூக்கிப்போனவரும் சாச்சாதான். மடியில் இருத்தி, ஒரு கையால் என் கண்களைப் பொத்திக்கொண்டு, காதுக்குள் கலிமா சொல்லித் தந்தார். நான் கலிமாவைச் சொல்லாமல் அவருடைய கையைக் கடித்தேன். பயப்படாதீங்க என்று சொன்ன ஆள் அல்லவா!

புண் ஆறுவதற்கு முன்பே அவருடைய சவூதிப் பயணம் சரிவந்துவிட்டது. புதுச் சேர்ட்டும் கையில் ஒரு பெரிய பையுமாக என் கட்டிலருகில் வந்து நின்று, "போயிட்டு வாறன் மகன்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். போகட்டும், இனி யாரும் என்னை மணலில் ஓடச் சொல்லமாட்டார்கள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

வேன் புறப்படுகிற சத்தம் கேட்டது. சாச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, சத்தம் போட்டு அழுதார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காயம் எனக்கு. எனக்காக அழுவதென்றால் இந்தப் பக்கம் திரும்பியல்லவா அழவேண்டும்?